போன்ற

ஃபார்மலின் புட்டியில் மிதந்து வந்தது
ஒரு பெண்ணின் ஈறு.
கடுகைவிடப் பெரிது, பட்டாணியைவிடச் சிறிது.
சீட்டில்: ஹாஜர், வயது இருபத்தாறு,
எர்சுரும் பேருந்து நிலையம், டிக்கெட் கவுண்டர்.
அறுத்தது நான்காம் முறை.

பெரிஹான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு
நுண்ணோக்கியில் குனிகிறாள்.
வெளியே மூன்று நாளாய் மலையைக் காணவில்லை,
பனி தின்றுவிட்டது.
உள்ளே, மேல்தோலுக்குக் கீழே,
இளஞ்சிவப்பாய், உருவம் இல்லாமல்,
உயிரணுக்களை ஓரம் தள்ளிவிட்டுச்
சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது
ஏதோ ஒன்று.

பழைய கோப்பைக் கேட்டு வாங்கினாள்.
நான்கு வருடத்துக்கு முந்தைய அறிக்கை:
'அமிலாய்டு போன்ற படிவு.'
அடியில் அவள் கையெழுத்தேதான்.
அந்த வருடம் வேலை அதிகம் என்று
யாரும் கேட்காமலே ரிஃப்கியிடம் சொன்னாள்.

போன்ற.
நிலவு போன்ற முகம் என்றால்
முகத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.
ஓர் உவம உருபை நம்பி
கவிதையில் யாரும் கத்தி எடுப்பதில்லை.
இங்கே எடுத்தார்கள்.
வெட்டினார்கள். வளர்ந்தது.
இன்னும் ஆழமாக வெட்டினார்கள்.
இரண்டு கடைவாய்ப்பல்லும் ஒரு கோரைப்பல்லும் போன பிறகும்
வளர்ந்தது.

காங்கோ சிவப்பில் தோய்த்து
ரிஃப்கி இரண்டு ஸ்லைடு கொண்டுவந்தான்.
முதலில் சாட்சி:
எப்போதோ இறந்துபோன ஒருவரின் சிறுநீரகம்,
பதினோரு வருடமாய் இந்த ஆய்வகத்தில்
ஊதியமில்லாமல் உண்மை சொல்லிக்கொண்டிருப்பது.
ஒளியைக் குறுக்கே திருப்பியதும்
பச்சை ஆப்பிளின் தோல் போல எரிந்தது.
(பாருங்கள், மறுபடியும் போல.)
சாயத்தில் பிழையில்லை.

அடுத்து ஹாஜர்.
திருப்பினாள். இருட்டு.
விளக்கைக் கூட்டினாள்.
ஒரு வீட்டிலும் ஆளில்லாத தெருவின் இருட்டு.

அமிலாய்டு போய்விட்டது.
'போன்ற' மட்டும் மிச்சம்.

தேநீர் வந்தது.
இந்த ஊர் வழக்கப்படி
கெட்டிச் சர்க்கரைத் துண்டைப் பல்லில் கவ்வி
அதன் வழியே கசப்பை உறிஞ்சும்போது
நின்றுவிட்டாள்.
ஹாஜருக்கு எங்கே உட்காரும் இந்தச் சர்க்கரை?

தொலைபேசியில் கேட்டாள்:
"சின்ன வயதில் கண்ணில் ஏதாவது?"
மறுமுனையில் பேருந்து ஹாரன், ஊர்ப் பெயர்கள்,
வாயைக் கையால் மூடிப் பேசிப் பழகிய குரல்.
"இமைக்குள் வெள்ளையாய் ஒரு தோல், கைக்குழந்தையாக இருந்தபோது.
மரக்கட்டை மாதிரி கெட்டி என்பாள் அம்மா.
உரித்தார்கள், திரும்ப வந்தது, பிறகு தானே நின்றது.
வாயைப் பார்க்கிறவர்கள் யாரும் கண்ணைக் கேட்டதில்லையே, டாக்டர்?"
"அம்மாவும் அப்பாவும் உறவா?"
"அண்ணன் தம்பி பிள்ளைகள்."
சற்று நேரம் ஹாரன் மட்டும்.

காயத்தின் மேல் உடம்பு ஒரு வலை பின்னும்.
ஆறியதும் அதைப் பிரித்தெடுக்க ஓர் ஆள் வருவான்.
இவளிடம் அந்த ஆள் வேலைக்கு வருவதே இல்லை.
பல் துலக்கிய கீறலுக்கும் வலை.
வலைமேல் வலை.
கத்தி பட்ட இடமெல்லாம்
புத்தம்புது வலை.

வேறொரு சாயத்தில் அது சிவப்பாய் ஒப்புக்கொண்டது.
பத்து நாள் கழித்து ரத்தமும் ஒப்புக்கொண்டது:
நூறு இருக்க வேண்டிய பிளாஸ்மினோஜன்
ஒன்பது.

பெரிஹான் எழுதினாள்:
ஃபைப்ரின்.
முற்றுப்புள்ளி வைத்தாள்.
கீழே, படிவத்தில் கட்டமே இல்லாத இடத்தில்,
பெரிய எழுத்தில்: வெட்ட வேண்டாம்.

மருந்து அங்காராவில் கிடைக்கலாம்,
கிடைக்காமலும் போகலாம்.
பழைய அறிக்கையை அவள் கிழிக்கவில்லை,
புதியதன் அடியில் வைத்துத் தைத்தாள்.
பிறகுதான் கண்ணில் பட்டது, கோப்பின் மூலையில்
பென்சிலால் யாரோ குறித்திருந்த
ஐந்தாம் அறுவையின் தேதி.

வியாழன்.
இன்று புதன், மணி நாலரை.
தொலைபேசி ஈரமாயிருந்தது,
அல்லது அவள் கை.